இரண்டாவது திரையின் சுமை: கணினிப் படம் மந்தமாவதன் வரலாறு

கணினிக்கு இரண்டாவது திரையொன்றைப் பொருத்தியவர்கள் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு. ஒரு திரையுடன் சீராக ஓடிய கணினி, மற்றத் திரை வந்த நாள் முதல் தளர்ந்து போகிறது என்பதே அது. சாளரமொன்றை ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு இழுத்தால் அது விட்டுவிட்டு நகர்கிறது. மவுஸ் கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்குகிறது. ஒரு திரையில் வீடியோ ஓடும்போது மற்றத் திரையில் தட்டச்சு செய்யும் எழுத்துகள் தாமதித்துத் தோன்றுகின்றன. கடைக்காரரிடம் கேட்டால், "கணினி பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்கிறார். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்ட பின்னர், இந்த ஆலோசனையை முன்னிலும் அதிகமானோர் கேட்க வேண்டியிருக்கிறது.

சிறு பத்திரிகை நடத்துபவர், வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், ஒளிப்படக்காரர் ஆகியோருக்கு ஒரு கணினியின் விலை சிறிய தொகையன்று. ஆகவே, அதைக் கைகழுவுவதற்கு முன்னர் இந்த மந்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும். இது நேற்றுத் தோன்றிய நோயுமன்று. கணினியின் திரைக்கும் அதன் மூளைக்கும் இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இழுபறியின் ஒரு கட்டமே இது. அந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் குறை கணினியின் வலுவில் இல்லை. படம் செல்லும் பாதையிலேயே இருக்கிறது.

மறுபிறவிச் சக்கரம்

ஒருவர் முன் இரண்டு திரைகளை வைப்பது தனியாள் கணினியுடன் பிறந்த வழக்கமன்று. 1958 ஆம் ஆண்டு செயற்பாட்டுக்கு வந்த அமெரிக்காவின் 'சேஜ்' வான் பாதுகாப்பு அமைப்பிலேயே அது இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் கட்டிய, பல்லாயிரம் வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்தப் பிரமாண்டமான கணினியின் கண்காணிப்பு மேசைகளில், வானத்தின் நிலைமையைக் காட்ட 19 அங்குலத் திரையொன்றும், எழுத்துத் தகவல்களைக் காட்ட 5 அங்குலச் சிறு திரையொன்றும் இருந்தன. இத்தனை திரைகளுக்கும் நடுச் செயலியே நேரடியாகப் படம் வரைந்துகொண்டிருந்தால், விமானங்களைக் கணிக்க அதற்கு நேரம் மிஞ்சியிராது. எனவே, காட்ட வேண்டிய தகவல்களை ஒரு காந்த உருளையில் எழுதிவைத்து, அங்கிருந்து திரைகளுக்கு அனுப்பினார்கள். படத்துக்குத் தனிப் பாதை வேண்டும் என்ற பாடம் இவ்வாறு தொடக்கத்திலேயே கற்கப்பட்டது. ஆயினும், பின்வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதை மறந்து மறந்து மீளக் கற்றது.

இந்த மறதிக்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டது. 1968 ஆம் ஆண்டு மையர், ஐவன் சதர்லண்ட் ஆகிய இருவரும் திரைச் செயலிகளின் வடிவமைப்புப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அதை 'மறுபிறவிச் சக்கரம்' என்று அழைத்தார்கள். முதலில் கணினியே படம் வரைகிறது. அது சுமையாகும்போது, உதவிக்குத் தனியான சிறு செயலியொன்று சேர்க்கப்படுகிறது. அந்தச் சிறு செயலிக்கு மேலும் மேலும் திறன்கள் கூட்டப்பட, அதுவே ஒரு முழுக் கணினியாகி விடுகிறது. பிறகு அதற்கும் சுமை கூடுகிறது. அதற்கும் ஓர் உதவியாளர் தேவைப்படுகிறது. சக்கரம் மீண்டும் சுழல்கிறது. பிறவிச் சுழற்சி பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று. கணினி வடிவமைப்பாளர்கள் அதே உவமையைக் கையாண்டது வியப்புக்குரியது.

1973 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள ஜெரொக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான 'அல்ட்டோ' கணினியில் சக்கரம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தது. 606க்கு 808 புள்ளிகள் கொண்ட அதன் நிமிர்ந்த திரை, ஒரு தாளின் பக்கம் போலத் தோற்றமளித்தது. ஆனால், அப்படத்தைத் தாங்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 60 கிலோபைட் தேவைப்பட்டது. அடிப்படை மாதிரியின் மொத்த நினைவகமே 128 கிலோபைட் தான். திரை முழுவதும் படம் இருக்கையில், அதைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதிலேயே செயலியின் நேரத்தில் பாதிக்கு மேல் கழிந்தது. இன்று நாம் காணும் மந்தத்தின் மூல வடிவம் இதுவே எனலாம். திரை என்பது ஒருமுறை வரைந்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய பொருளன்று. அசையாத படமாயினும், அதை ஒவ்வொரு செக்கனும் பல பத்துத் தடவைகள் நினைவகத்திலிருந்து வாசித்து அனுப்பியாக வேண்டும்.

இரண்டு அட்டைகள், இரண்டு திரைகள்

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினிக்கு இருவகைத் திரை அட்டைகள் விற்கப்பட்டன. ஒன்று எழுத்துக்கு மட்டுமான ஒற்றை நிற அட்டை. மற்றது நிற அட்டை. இரண்டின் நினைவகங்களும் வெவ்வேறு முகவரிகளில் அமைந்திருந்தமையால், ஒரே கணினியில் இரண்டையும் பொருத்தி இரு திரைகளை இயக்க முடிந்தது. மென்பொருள் எழுதுவோர் ஒரு திரையில் தமது நிரல் ஓடுவதையும் மற்றதில் அதன் பிழைகளையும் பார்த்தார்கள். கட்டட வரைபடம் வரைவோர் ஒன்றில் படத்தையும் மற்றதில் கட்டளைகளையும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிற அட்டையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஒரு வரியில் 80 எழுத்துகளைக் காட்டும் நிலையில், செயலி புதிய எழுத்தை எழுதும் அதே கணத்தில் திரையும் அதே நினைவகத்தை வாசிக்க முயன்றால், திரையெங்கும் வெண்பனி தூவியது போலப் புள்ளிகள் தெறித்தன. ஒரு கதவின் வழியே இருவர் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதன் விளைவு அது. பனி தெறிக்காமல் இருக்க வேண்டுமாயின், திரை ஓய்வெடுக்கும் குறுகிய இடைவெளிக்காக மென்பொருள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் வேகம் குறையும். படம் சீர்கெடுவதா, வேலை மந்தமாவதா என்ற இந்தத் தெரிவு, பல வடிவங்களில் இன்றுவரை தொடர்கிறது.

பத்திரிகைத் துறையினருக்கு முக்கியமான திருப்பம் 1985 இல் வந்தது. பத்திரிகை உலகிலிருந்து வந்த போல் பிரெய்னெர்ட் நிறுவிய அல்டஸ் நிறுவனம், 'பேஜ்மேக்கர்' மென்பொருளை அப்பிள் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்டது. ஆனால், மெக்கின்டோஷின் திரை 512க்கு 342 புள்ளிகளே கொண்டது. பக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. 1986 இல், மெக்கின்டோஷை உருவாக்கியவர்களுள் சிலர் சேர்ந்து தொடங்கிய ரேடியஸ் நிறுவனம் இதற்குத் தீர்வாக முழுப் பக்கத் திரையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பொருத்திய பின்னரும் பழைய சிறு திரை அணையவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே மேசைப் பரப்பாக இயங்கின.

1987 இல் வந்த மெக்கின்டோஷ் 2 கணினி இந்த வசதியை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் ஆறு செருகுமிடங்களிலும் திரை அட்டைகளைப் பொருத்தலாம். ஒரு திரை கறுப்பு வெள்ளையாகவும் மற்றது 256 நிறங்கள் உடையதாகவும் இருந்தாலும், ஒரு சாளரம் இரண்டின் மீதும் பரவி நிற்கலாம். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அவ்வாறு பரவி நிற்கும் சாளரத்தை, ஒவ்வொரு திரையின் தன்மைக்கும் ஏற்பத் தனித்தனியே வரைய வேண்டியிருந்தது. சுமை கூடியது. 1990 இல் அப்பிள் நிறுவனம் தனிச் செயலியைக் கொண்ட வரைகலை அட்டையொன்றை விற்கத் தொடங்கியது. மையரும் சதர்லண்டும் கூறிய சக்கரம் மேலும் ஒரு சுற்றுச் சுற்றியது.

ஒரு வீட்டுக்கு ஒரு நெடுஞ்சாலை

விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு இவ்வசதி 1998 ஜூன் மாதம் வெளியான விண்டோஸ் 98 உடன் கிடைத்தது. ஒன்பது திரைகள் வரை இணைக்கலாம் என்று கூறப்பட்டது. ஆனால், அக்காலக் கணினிகளில் வரைகலைக்கென அமைந்த 'ஏஜிபி' என்ற வேகமான செருகுமிடம் வழமையாக ஒன்றே இருந்தது. இரண்டாவது அட்டையைப் பழைய 'பிசிஐ' செருகுமிடத்திலேயே பொருத்த வேண்டும். பிசிஐ பாதையின் உச்சக் கொள்ளளவு செக்கனுக்கு 133 மெகாபைட். அதையும் வன்தட்டு, வலையமைப்பு அட்டை, ஒலி அட்டை ஆகியன பகிர்ந்துகொண்டன. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையொன்றின் படம், 32 பிட் நிறத்தில் 3 மெகாபைட். அதைச் செக்கனுக்கு 25 தடவை மாற்ற முயன்றால் ஏறக்குறைய 79 மெகாபைட் தேவை. பாதையின் பாதிக்கு மேற்பட்ட இடம் அதிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு ஒரு நெடுஞ்சாலையையும் ஓர் ஒற்றையடிப் பாதையையும் போட்டுவிட்டு, இரண்டிலும் ஒரே வேகத்தில் வண்டி ஓடும் என்று எதிர்பார்த்த கதைதான் அது.

அந்நாட்களில் நான் பணியாற்றிய ஆசிரிய பீடத்தின் பக்க வடிவமைப்புப் பிரிவிலும் இது நேர்ந்தது. ஒரு திரையில் பாமினி எழுத்துருவில் பக்கம் விரிந்திருக்கும். மற்றத் திரையில் அன்றைய ஒளிப்படங்கள் இருக்கும். படமொன்றைப் பெரிதாக்கினால் அது மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிரம்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இரவில் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் இந்தக் காத்திருப்பு எத்தகையது என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். கணினியை விற்ற நிறுவனம், செயலியையும் தாய்ப்பலகையையும் மாற்ற வேண்டும் என்று விலைப்பட்டியல் அனுப்பியது. எங்கள் தொழில்நுட்பவியலாளர் இரண்டு காரியங்கள் மட்டும் செய்தார். ஒளிப்படங்களை ஏஜிபி அட்டையின் திரைக்கும் பக்கத்தை மற்றதற்கும் மாற்றினார். பிசிஐ அட்டையின் நிற ஆழத்தை 32 பிட்டிலிருந்து 16 பிட்டாகக் குறைத்தார். அந்தப் பாதையின் சுமை அக்கணமே பாதியாயிற்று. புதிதாக எதுவும் வாங்கப்படவில்லை. விலைப்பட்டியல் கோப்பிலேயே கிடந்தது.

1999 இல் கனடாவின் மாட்ரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜி400 அட்டை, ஒரே சில்லிலிருந்து இரு திரைகளை இயக்கிக் காட்டியது. இரண்டாவது அட்டையின் தேவை படிப்படியாக நீங்கியது. 2009 இல் ஏ.எம்.டி. நிறுவனம் 'ஐஃபினிட்டி' என்ற பெயரில், ஓர் அட்டையில் மூன்று முதல் ஆறு திரைகள் வரை இயக்கும் வழியைக் கொண்டுவந்தது.

வரைவதிலிருந்து கோப்பதற்கு

பாதை அகன்றபோது சிக்கல் மென்பொருளுக்குள் இடம்பெயர்ந்தது. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, படம் வரையும் முறையையே மாற்றியது. அதற்கு முன்னர் ஒவ்வொரு செயலியும் திரையில் நேரடியாக வரைந்தது. விஸ்டாவில் ஒவ்வொரு சாளரமும் நினைவகத்தில் தனக்கெனவுள்ள ஒரு தாளில் வரையும். அத்தாள்கள் அனைத்தையும் அடுக்கி, ஒரே காட்சியாகக் கோத்துத் திரைக்கு அனுப்பும் வேலையை வேறொரு நிரல் செய்யும். காட்சி அழகாக இருந்தது. ஆனால், நினைவகத்தின் தேவை பெருகியது. பழைய முறையில் வரையும் மென்பொருள்களுக்கு அதுவரை வரைகலை அட்டை அளித்த உதவியும் விஸ்டாவில் நீக்கப்பட்டது. அது ஓரளவு திரும்பி வந்தது 2009 இன் விண்டோஸ் 7 இலேயே. அதுமட்டுமன்றி, வெவ்வேறு நிறுவனங்களின் இரு அட்டைகளைப் புதிய இயக்கி மென்பொருள்களுடன் ஒன்றாகப் பயன்படுத்தவும் விஸ்டா இடமளிக்கவில்லை. எக்ஸ்பியில் நன்றாக ஓடிய இரட்டைத் திரைகள் விஸ்டாவில் முடங்கியதற்கு, இயந்திரத்தின் முதுமையைக் குறை கூறியவர்கள் பலர்.

அடுத்த சிக்கல் தாளம் பற்றியது. சாதாரணத் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. விளையாட்டுப் பிரியர்களின் திரைகள் 144 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே கணினியில் பூட்டினால், காட்சியைக் கோக்கும் நிரல் யாருடைய தாளத்துக்கு ஆடுவது? இரு மிருதங்கக்காரர்கள் இரு வேறு தாளங்களில் வாசிக்கும் மேடையின் நிலைதான். மெதுவான திரையில் ஏதேனும் அசைந்தால் வேகமான திரையும் தடுமாறியது. விண்டோஸ் 10 இன் 2020 மே மாதப் பதிப்பில் இது பெருமளவு சீர்செய்யப்பட்டது. லினக்ஸ் உலகில், 1984 இல் பிறந்த எக்ஸ் சாளர முறை எல்லாத் திரைகளையும் ஒரே பரப்பாகக் கருதியமையால் அங்கும் இதே தடுமாற்றம் இருந்தது. 2008 இல் தொடங்கிய வேலண்ட் திட்டம், ஒவ்வொரு திரையும் தன் தாளத்தில் இயங்க வழி செய்தது.

வரலாறு கற்பிக்கும் சோதனை முறை

மேற்கூறிய ஒவ்வொரு கட்டமும் இன்றைய கணினியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தருகிறது.

முதலாவது, கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது? தனி வரைகலை அட்டை உள்ள மேசைக் கணினியின் பின்புறத்தில், தாய்ப்பலகைக்குரிய திரைத் துளைகளும் இருக்கலாம். இரண்டாவது திரையை அதில் செருகியவர்கள், நெடுஞ்சாலை இருக்க ஒற்றையடிப் பாதையில் வண்டியை விட்டவர்களாவர். இரு திரைகளையும் தனி அட்டையிலேயே செருகிப் பார்க்க வேண்டும். மடிக்கணினிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. 2010 இல் என்விடியா அறிமுகப்படுத்திய 'ஒப்டிமஸ்' போன்ற முறைகளில், வலுவான சில்லு வரைந்த படம் மற்றச் சில்லின் நினைவகத்துக்குப் பிரதி செய்யப்பட்ட பின்னரே திரைக்குச் செல்கிறது.

இரண்டாவது, அது உண்மையான திரைப் பாதைதானா? யூஎஸ்பி வழியாகத் திரையை இணைக்கும் சில சாதனங்கள், படத்தைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கின்றன. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 500 மெகாபைட் படத் தரவு தேவை. யூஎஸ்பி 2.0 இன் உச்ச வேகமோ செக்கனுக்கு 60 மெகாபைட் மட்டுமே. இடைவெளியை நிரப்பும் சுருக்கும் வேலையைக் கணினியின் நடுச் செயலி செய்கிறது. எழுதுவதற்கு இது போதும், வீடியோவுக்குப் போதாது.

மூன்றாவது, கம்பியின் தலைமுறை என்ன? 2009 இன் எச்டிஎம்ஐ 1.4 தரம், 4கே படத்தைச் செக்கனுக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. 60 தடவை அனுப்புவது 2013 இன் 2.0 தரத்துடனேயே வந்தது. புதிய 4கே திரையில் மவுஸ் தள்ளாடினால், அமைப்புப் பக்கத்தில் புதுப்பிப்பு வேகம் 30 என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவ்வாறிருந்தால் கணினியின் துளையோ கம்பியோ திரையின் துளையோதான் தடை. பல வேளைகளில் கம்பியை மாற்றினாலே போதும்.

நான்காவது, இயக்கி மென்பொருள் சரியானதா? சாதனப் பட்டியலில் வரைகலை அட்டையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசொப்ட்டின் அடிப்படைத் திரை இயக்கி காணப்பட்டால், அட்டை உறங்குகிறது. நடுச் செயலியே படம் வரைகிறது. அல்ட்டோவின் காலத்துக்குத் திரும்பிய நிலை அது. அட்டை தயாரித்த நிறுவனத்தின் இயக்கியை நிறுவினால் நிலைமை மாறும்.

ஐந்தாவது, திரைகளின் தாளம் ஒத்திருக்கிறதா? சோதனைக்காக இரண்டையும் 60 இல் வைத்துப் பாருங்கள். தடுமாற்றம் மறைந்தால் காரணம் தெரிந்துவிடும். வேகமான திரையை 120 இல் வைப்பது, 60 இன் இரட்டிப்பாகையால், பல வேளைகளில் இணக்கமாக அமையும்.

ஆறாவது, நினைவகம் பகிரப்படுகிறதா? தனி அட்டை இல்லாத கணினிகளில், நடுச் செயலியும் திரையும் ஒரே நினைவகத்தையே பயன்படுத்துகின்றன. இரு 4கே திரைகளைப் புதுப்பிப்பதற்கு மட்டும் செக்கனுக்கு ஏறக்குறைய 4 கிகாபைட் வாசிக்கப்பட வேண்டும். டிடிஆர்4-2400 வகை நினைவக அட்டை ஒன்று தரக்கூடிய உச்ச வேகம் 19.2 கிகாபைட். எதுவும் வரையாமலே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அத்தகைய கணினியில் அதே வகையான இரண்டாவது நினைவக அட்டையை உரிய செருகுமிடத்தில் பொருத்தினால் பாதை இரட்டிப்பாகும். புதிய கணினியின் விலையுடன் ஒப்பிடுகையில் இச்செலவு மிகச் சிறியது.

இச்சோதனைகளைச் செய்யும்போது ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். முதலில் இரண்டாவது திரையைக் கழற்றி, மந்தம் நீங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். நீங்காவிடில் நோய் திரைகளில் இல்லை. நீங்கினால் மேற்கூறிய ஆறையும் ஒழுங்காகச் சோதியுங்கள். அவற்றுள் ஐந்தைச் சோதிக்க எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இவை யாவற்றையும் கடந்தும் சில கணினிகள் மெய்யாகவே வலு குன்றியவையாக இருக்கும். அவற்றுக்கு ஓய்வு கொடுப்பது நியாயமே. ஆனால், அம்முடிவைச் சோதனை சொல்ல வேண்டும், விலைப்பட்டியல் சொல்லக்கூடாது. திரைகள் இன்னும் பெருகும், புள்ளிகள் இன்னும் செறியும், சக்கரம் இன்னும் பல தடவை சுழலும். ஒவ்வொரு சுழற்சியின்போதும் பழைய இயந்திரங்களை எறியுமாறு நமக்குச் சொல்லப்படும். அப்போது வாசகர்கள் முதலில் கணினியின் பின்புறத்தைத் திருப்பி, கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்களாக.